மூங்கில்பள்ளத்தில் கல்யாணக் குப்பை

மேல்கரை காலனியில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். அது எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்டதில்லை. வராத அன்றைக்கு மட்டும் கொர்னேலியஸ் எங்கே என்று கேட்பார்கள்.

கொர்னேலியஸ் அந்தப் பஞ்சாயத்தின் தண்ணீர்க்காரர். தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்து, கொஞ்ச காலம் ஃபேக்டரியில் தூள் சலித்து, அந்தத் தூசி நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாமல் இந்த வேலைக்கு வந்தவர். குன்னூரிலிருந்து மஞ்சூர் போகும் ரோட்டில் ஒரு கொண்டை ஊசி வளைவும் ஒரு சின்னப் பாலமும் உண்டு. பாலத்துக்கு மேலே சோலைக்காடு. அதன் அடியில் சதசதவென்று ஊறிக் கிடக்கும் சேற்று நிலத்திலிருந்து மூங்கில்பள்ளம் என்ற ஓடை கிளம்பி, பாலத்தின் கீழே நுழைந்து, தேயிலைச் சரிவில் இறங்கி ஒரு தடுப்பணையில் விழும். அங்கிருந்து பைப் வழியாகக் காலனியின் தொட்டிக்குப் போகும். காலையில் போய் பைப் வாயில் இருக்கும் கம்பி வலையில் அடைத்த இலைகளை அள்ளிப் போட்டுவிட்டு, தொட்டிக்கு வந்து வால்வைத் திறப்பதுதான் அவருடைய வேலை.

அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வலையில் இலைதான் இருக்கும். மழை நாட்களில் நண்டு சிக்கும், தலைப்பிரட்டைகள் சிக்கும். கல்லோடு ஒட்டிக்கொண்டு நீரோட்டத்தில் அசையாமல் நிற்கும் விரல் நீள மீன்கள் சில சமயம் வலைமேல் துள்ளும். அவற்றையெல்லாம் கையால் அள்ளி மேலே விட்டுவிடுவார். அதில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. கையைக் குவித்து அங்கேயே நாலு வாய் குடித்துவிட்டுத் தொட்டிக்குத் திரும்புவார்.

பிறகு ரோட்டை அகலப்படுத்தினார்கள். வண்டிகள் பெருகின. வளைவில் நிறுத்திப் படம் எடுக்கிறவர்கள், பாலத்துச் சுவரில் உட்கார்ந்து குடிக்கிறவர்கள், பிறகு வண்டியின் பின்கதவைத் திறந்து மூட்டையை உருட்டிவிட்டுப் போகிறவர்கள் என்று கூட்டம் வந்தது. கோழிக்கடைக் குடலும் இறகும் சாக்கில் வந்தன. குழந்தைகளின் டயப்பர்கள் தண்ணீர் குடித்து ஊதி, செத்த முயல்களைப் போல மிதந்தன. பாட்டில்கள் கல்லில் மோதி உடைந்து கிடந்தன. ஒருமுறை தலையில்லாத ஆட்டுத்தோல் ஒன்று வலையை முழுக்கப் போர்த்திக் கிடந்தது. கொர்னேலியஸ் நீளமான கொக்கி ஒன்று செய்து வைத்துக்கொண்டார். மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்து, கரையில் போட்டு, மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வருவார். அங்கே தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். கோழி தின்பதையும் நிறுத்தினார். அவர் மனைவி செலஸ்டின் ஞாயிற்றுக்கிழமை குழம்பு வைத்தால் எழுந்து வெளியே போய் நிற்பார்.

"ஒரு மனுசன் மூக்கு இப்படியா இருக்கும்?" என்று செலஸ்டின் சிரிப்பாள்.

குப்பை கொட்டாதீர் என்று பஞ்சாயத்தில் சொல்லி ஒரு போர்டு வைக்கச் செய்தார். அதன் காலடியிலேயே கொட்டினார்கள். வளைவில் தனியாக நின்றுகொண்டு, கொட்டியவன் யாரோ அவன் குடும்பத்தையே சந்திக்கு இழுத்துத் திட்டிவிட்டு வருவார். கேட்க ஆள் இல்லாத திட்டு. ஆனாலும் திட்டினால் மனசு கொஞ்சம் ஆறும்.

இப்படி இருக்கும்போதுதான் அவருடைய ஒரே மகள் ஸ்டெபிக்குக் கல்யாணம் வந்தது. ஸ்டெபி குன்னூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். மாப்பிள்ளை ஷிஜோ கூடலூர்ப் பக்கம், வீட்டில் மலையாளம். மாதா கோவிலில் பூசை முடிந்து, ஊருக்கு வெளியே ஒரு மண்டபத்தில் விருந்து. சமையல் ஏற்பாடெல்லாம் செலஸ்டினின் தம்பி ரொனால்ட். அவன் கேட்டரிங் வைத்திருந்தான். பேச்சுக்காரன். அக்கா மகள் கல்யாணத்தை ஊரே பேச வேண்டும் என்று பிரியாணி, பொரித்த கோழி, ஐஸ்கிரீம் என்று தடபுடல் செய்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, மலையில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருந்தும், மேட்டுப்பாளையத்திலிருந்து வெங்காய மூட்டைகளுக்கு அடியில் மறைத்துத் தண்ணீர் பாட்டில்களைக் கொண்டுவந்தான். ஒவ்வொரு பாட்டிலின் உறையிலும் ஸ்டெபியும் ஷிஜோவும் தலையோடு தலை சாய்த்துச் சிரிக்கிற படம்.

"எப்படிங்க மாமா?" என்று ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான்.

கொர்னேலியஸ் மகளின் முகத்தைப் பார்த்தார். அழகாகத்தான் இருந்தது. "ஜோரா இருக்குது ரொனால்டு" என்றார். வந்தவர்களுக்கெல்லாம் அவரே கையில் எடுத்துக் கொடுத்தார். தின்று முடித்த தட்டும் பாட்டிலும் எங்கே போகும் என்று அந்தக் கூட்டத்தில் அவருக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

லீவு முடிந்து அவர் பள்ளத்துக்குப் போன காலையில், அவருக்குப் பதிலாக வேலை பார்த்த லிங்கசாமி தொட்டி அருகே உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். முட்டிவலிக்காரர்.

"அணைக்குப் போய் வலையப் பாத்தீங்களா?"

"எங்கீங்க ஏறறது? வால்வைத் தொறந்தா தண்ணி வந்துச்சு, வுட்டுட்டேன். ரெண்டு நாளா கொஞ்சம் கலங்கலாத்தான் வருது. மழ பேஞ்சிருக்கும் மேல."

மழை பெய்யவில்லை என்பது கொர்னேலியஸுக்குத் தெரியும். கொக்கியை எடுத்துக்கொண்டு தேயிலைக்குள் ஏறினார். பாதி வழியிலேயே நாற்றம் எதிரே வந்தது. புளித்த சோறும் அழுகிய இறைச்சியும் கலந்து, தொண்டையில் எண்ணெய்போலப் படிகிற நாற்றம். காக்கைகள் எழுந்து எழுந்து உட்கார்ந்தன. அவர் துண்டை மூக்கில் சுற்றிக்கொண்டு அணையின் விளிம்புக்கு வந்தார்.

தண்ணீரே தெரியவில்லை. மேலே தடித்த மஞ்சள் கொழுப்பு ஏடாகப் படிந்திருந்தது. அதில் பிரியாணிச் சோறு ஊறிப் பருத்து வெள்ளை வெள்ளையாக அப்பிக் கிடந்தது. பார்த்தால் புழு, குனிந்து பார்த்தால் சோறு, இன்னும் குனிந்தால் அதற்குள் நிஜமாகவே புழு. வெடித்த சாக்குகளிலிருந்து கோழிக்குடல் நீல நிறத்தில் வழிந்து கற்களில் சுற்றிக் கிடந்தது. ஐஸ்கிரீம் கப்புகள் கவிழ்ந்து குமிழி விட்டன. கரையோரம் அந்த விரல் நீள மீன்கள் வயிற்றை மேலே காட்டி வரிசையாக ஒதுங்கியிருந்தன. தலைப்பிரட்டைகள் வெளுத்துச் சவ்வாகிவிட்டன. நண்டுகள் மட்டும் தண்ணீரைவிட்டு வெளியே வந்து, பாறைமேல் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, போக இடமில்லாமல் நின்றன. தண்ணீரில் இருக்க வேண்டிய ஜீவன் தண்ணீரைக் கண்டு ஓடி வந்து நிற்கிறதே என்று பார்த்தபோதே அவருக்கு முதல் ஓங்கரிப்பு வந்தது.

வழக்கம்போலத் திட்ட ஆரம்பித்தார். "எந்த நாறப்பய ஊட்டு விசேசமடா இது? உன்ற கொலம் வெளங்குமாடா?" என்று கத்திக்கொண்டே கொக்கியை வலையில் மாட்டி இழுத்தார். வலையை அடைத்துக் கிடந்தது பாட்டில்கள். ஒரு பாட்டிலின் உறை கழன்று வலைக் கம்பியில் ஒட்டியிருந்தது. கொழுப்பு பூசிய கையால் அதைத் துடைத்தார்.

ஸ்டெபி சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவர் அங்கேயே மண்டியிட்டு வாந்தி எடுத்தார். காலையில் குடித்த டீ வந்தது. அந்த டீ இந்தத் தண்ணீரில் போட்டது என்ற நினைவு வந்ததும் வயிற்றில் ஒன்றும் மிச்சமில்லாமல் மறுபடியும் குமட்டியது. ரெண்டு நாளாக. காலனி முழுக்க ரெண்டு நாளாக இதைத்தான் குடித்திருக்கிறது. மறுவீட்டுக்கு வந்திருக்கிற புது மாப்பிள்ளை இதைத்தான் குடித்திருக்கிறான்.

தொட்டிக்கு ஓடி வந்து வால்வை இறுக மூடினார். உறையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

வீட்டில் எல்லாரும் இருந்தார்கள். ரொனால்ட் பாத்திரம் எடுத்துப்போக வந்தவன், நாற்காலியில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். ஸ்டெபியும் ஷிஜோவும் கல்யாணப் போட்டோக்களை மொபைலில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொர்னேலியஸ் நேரே போய் ரொனால்டின் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கி வாசலில் கொட்டினார். பிறகு அந்த உறையை மேஜைமேல் விரித்தார். அதிலிருந்து ஒரு சோற்றுப் பருக்கை நகர்ந்தது. அது சோறு இல்லை.

"ஐயே, என்னதுப்பா இது! ஊட்டுக்குள்ள கொண்டாந்து..." ஸ்டெபி எழுந்து சுவரோரம் போனாள்.

"கல்யாணக் குப்பைய எங்க போட்ட ரொனால்டு?"

ரொனால்டுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் முகத்தில் பெரிய கலவரம் எதுவும் இல்லை. "பசங்ககிட்டச் சொன்னேனுங்க மாமா. வளைவுல எல்லாரும் போடுற எடந்தானுங்களே. குன்னூர்ல இருக்கற பாதி விசேசம் அங்கதான் வருது."

"அது பள்ளம்டா."

"தண்ணி ஓடிட்டேதானுங்க இருக்குது. ஒரு மழ வந்தா அடிச்சுட்டுப் போயிரும்."

"எங்க போகும்?"

"கீழ போயிருமுங்க."

"கீழ யாரு இருக்கறா?"

கீழே இருப்பது தன் அக்கா வீடு என்பது ரொனால்டுக்குத் தெரியாமல் இல்லை, யோசிக்கவில்லை, அவ்வளவுதான். அந்த யோசிக்காத முகம், சவரம் செய்து பவுடர் பூசிப் பளபளவென்று இருந்த அந்த முகம், கொர்னேலியஸுக்கு அணையில் மிதந்த கொழுப்பைவிட அருவருப்பாக இருந்தது. அடுத்த நொடியே, பாட்டிலைக் காட்டியபோது ஜோராக இருக்கிறது என்று சொன்ன தன் வாயும் நினைவுக்கு வந்தது.

ஷிஜோ மெல்ல, "அப்போ நம்ம குடிச்ச வெள்ளம்... தண்ணி அதுதானா?" என்றான். உறையை ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்து பின்கட்டுக்குப் போனான். அவன் ஓங்கரிப்பது உள்ளே கேட்டது.

செலஸ்டின் கதவைச் சாத்தினாள். "ஏனுங்க, கத்தாதீங்க. அக்கம்பக்கம் கேட்டா மானம் போயிரும். சத்தமில்லாம போய் அள்ளிப் போட்டுட்டு வந்துருங்க. யாரு கேக்கப் போறாங்க?"

அப்போதுதான் அவள் பேச்சிலிருந்து அவருக்குத் தெரியவந்தது, காலனியில் கருப்பம்மா வீட்டுக் குழந்தை முந்தின நாளிலிருந்து வாந்தியும் பேதியுமாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறது என்பது. செலஸ்டினுக்கு அது நேற்றே தெரியும். ஏதோ தின்றது சேரவில்லை என்று நினைத்திருந்தாள். அவள் சாத்திய கதவைத் திறந்துகொண்டு கொர்னேலியஸ் வெளியே போனார்.

வார்டு மெம்பர் மகாலட்சுமி நல்ல பெண்மணி என்று பெயர் எடுத்தவள். கொர்னேலியஸ் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள். நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

"அண்ணா, உங்க ஊட்டு விசேசம்னு வெளிய சொன்னா உங்களுக்குத்தான் அசிங்கமுங்க. யாரோ டூரிஸ்ட்டு வண்டிக்காரன் கொட்டிட்டான்னு சொல்லிரலாம். நீங்க தொட்டியில பிளீச்சிங் பவுடர் கொஞ்சம் கூடவே போட்டுத் தொறந்து வுடுங்க. ஜனங்க தண்ணி இல்லீனா சும்மா இருக்க மாட்டாங்க."

"புழு இருக்குதுங்க."

"பவுடர் போட்டா செத்துருமுங்களே."

செத்த புழுவைக் குடிக்கலாம் என்பதை அவள் எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள் என்று நினைத்து நினைத்து அவர் தொட்டிக்கு நடந்தார். அங்கே குடங்களோடு பெண்கள் வந்துவிட்டார்கள். ஆட்டோக்காரர்கள் இரண்டு பேர் நின்றார்கள். டூரிஸ்ட்டு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாரும் சேர்ந்து டூரிஸ்ட்டைத் திட்டிவிட்டுப் போவார்கள். அந்த வார்த்தை அவர் நாக்குவரை வந்தது. அதோடு சேர்ந்து அந்தக் கொழுப்பின் ருசியும் வந்தது.

"என்ற பொண்ணு கல்யாணத்துக் குப்பைங்க" என்றார். "என்ற மச்சினன் கொண்டாந்து போட்டிருக்கறான். எங்க போடுவான்னு நானும் ஒரு வார்த்த கேக்கல. ரெண்டு நாளா அந்தத் தண்ணியத்தான் நாம குடிச்சிருக்கறோம். இனி சுத்தமாகற வரைக்கும் தொறக்க மாட்டேன்."

ஒருத்தி காறித் துப்பினாள். ஒருவன், "தின்னது நாங்க, வடிகட்டிக் குடிச்சதும் நாங்களா?" என்று சொல்ல, சிலர் சிரிக்கவும் செய்தார்கள். கருப்பம்மா சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து துணி எடுத்துப்போக வந்தவள். வீட்டுக்குள் போய், முந்தின நாள் பிடித்து வைத்த தண்ணீரில் ஒரு சொம்பு மொண்டு வந்து அவர் முன்னால் நீட்டினாள்.

"நீங்க குடிங்க."

அவர் சொம்பை வாங்கினார். குடித்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தார். உதட்டருகே கொண்டுபோனதும் கை நின்றுவிட்டது. நாற்றம் லேசாகத்தான் இருந்தது. இன்னொரு முறை முயன்றார். முடியவில்லை.

"முடியலையல்ல?" என்றாள் கருப்பம்மா. "என்ற பேத்தி குடிச்சுதுங்க." சொம்பைத் திரும்ப வாங்கி, அவர் காலடியில் ஊற்றிவிட்டுப் போனாள்.

அன்று மத்தியானம் ரொனால்டைக் கையோடு பள்ளத்துக்கு இழுத்துவந்தார். கூப்பிடாமலேயே ஸ்டெபியும் வந்தாள். கைவளையல்களைக் கழற்றிச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கினாள். ஷிஜோ ஒரு மண்வெட்டி கொண்டுவந்தான். ரொனால்ட் இரண்டாவது சாக்கைத் தூக்கும்போது அது அடியில் கிழிந்து அவன் காலுறைக்குள் வழிந்தது. அவன் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். கொர்னேலியஸ் பார்த்துக்கொண்டே நின்றார். இரக்கம் வரவில்லை.

கல்யாணக் குப்பையை எடுத்தபின் அடியில் தண்ணீர் இருக்கும் என்று நினைத்தார்கள். அடியில் இன்னொரு குப்பை இருந்தது. ஒவ்வொரு நாளும் வலையில் வந்ததைத்தான் அவர் எடுத்திருந்தார்; வராமல் மூழ்கியது அங்கேயே தங்கிவிட்டது. டயப்பர், நாப்கின், மருந்துப் பாட்டில், முகக்கவசம், கயிறு கட்டிய ஒரு நாய்க்குட்டியின் எலும்பு. எல்லாம் கறுத்த சேறாக, சாக்கடையைப் போலக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. அவர் கரையில் மண் தள்ளி மூடியவையும் மழையில் கரைந்து திரும்ப உள்ளேதான் வந்திருந்தன.

"இது என்றது இல்லீங்க மாமா" என்றான் ரொனால்ட், மூக்கைப் பிடித்துக்கொண்டே.

"உன்றது எதுன்னு பிரிச்சுத் தர்றேன், எடுத்துட்டுப் போ" என்றார் கொர்னேலியஸ்.

ஸ்டெபி ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து உறையைக் கிழித்துக்கொண்டிருந்தாள். முதலில் முகம் தெரியாதபடி மடித்தாள். பிறகு மடிப்பதை விட்டுவிட்டாள். "பாப்பாவுக்கு எப்படி இருக்குதாம்?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள். அதற்கு மேல் அப்பாவிடம் பேசவில்லை.

மூட்டைகளை ரொனால்டின் பிக்கப்பில் ஏற்றிப் பஞ்சாயத்துக் குப்பைமேட்டுக்குக் கொண்டுபோனார்கள். கொர்னேலியஸ் அதுவரை அங்கே போனதில்லை. மலைச்சரிவின் விளிம்பில் குப்பை ஒரு பெரிய நாக்கைப் போலக் கீழ்நோக்கித் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் இன்னொரு ஓடை ஓடியது. மாடுகள் பிளாஸ்டிக்கை மென்றுகொண்டு நின்றன. மேட்டிலிருந்து கசிந்த கறுப்புத் தண்ணீர் கோடு கோடாக ஓடையில் இறங்கியது. அதுவும் எங்கோ ஒரு ஊரின் வலைக்குத்தான் போகும். அங்கிருந்து ஆற்றுக்கு, பவானிக்கு, காவிரிக்கு, கடலுக்கு. வழி நெடுக யாராவது ஒருவர் குவித்த கையோடு நிற்பார்.

"எறக்கட்டுங்களா?" என்றான் ரொனால்ட்.

"எறக்காத. வண்டியத் திருப்பு."

"எங்கீங்க?"

"உன்ற ஊட்டுக்கு."

ரொனால்டுக்கு வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் தேயிலை நிலம் இருந்தது. அங்கே ஆழமாகக் குழி வெட்டி, அழுகக்கூடியதையெல்லாம் மண்ணும் சருகுமாக மாற்றி மாற்றிப் போட்டுப் புதைத்தார்கள். பிளாஸ்டிக்கையும் பாட்டிலையும் அலசிக் காயவைத்து, பழைய பொருள் எடுக்கிறவரிடம் தனியாக அனுப்பினார்கள். ரொனால்டின் மனைவி லிஜி ஜன்னலைச் சாத்திக்கொண்டு, "சோறு எறங்க மாட்டேங்குதுங்க, நாறுது, நாறுது" என்று நாள் முழுக்கப் புலம்பினாள். அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்தார்கள். கொர்னேலியஸ் தினமும் போய் அந்தக் குழியருகே நின்று முகர்ந்து பார்த்துவிட்டு வந்தார். அந்த ஒரு நாற்றம் மட்டும் அவருக்குக் குமட்டவில்லை.

கருப்பம்மாவின் பேத்தி பிழைத்துக்கொண்டாள். அணையைத் திறந்து வடித்து, அடிச்சேற்றை அள்ளி, பாறையைத் தேய்த்துக் கழுவும்வரை காலனிக்கு லாரியில் தண்ணீர் வந்தது. அதற்காகவும் ஜனங்கள் அவரைத்தான் திட்டினார்கள். தென்மேற்கு மழை பிடித்ததும் பள்ளம் பழையபடி நிரம்பியது. பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. நண்டுகள் ஒன்றிரண்டு கற்களுக்கடியில் தென்பட்டன. மீன்கள் வரவில்லை. மேலே சோலைக்குள் எங்காவது மிச்சம் இருந்தால் ஒருநாள் இறங்கிவரும் என்று ஷிஜோ சொன்னான். கொர்னேலியஸ் கல் கல்லாகப் புரட்டிப் பார்த்தார். காலனிக்காரர்கள் பலர் கேன் தண்ணீருக்கு மாறிவிட்டார்கள். குழாய்த் தண்ணீரைப் பாத்திரம் கழுவப் பிடித்தார்கள். கேன் வாங்க முடியாதவர்கள் மட்டும் குடித்தார்கள். கேன் வந்த வீடுகளில் வளைவைப் பற்றிய பேச்சு அதோடு நின்றுபோனது.

ஸ்டெபி கொஞ்ச காலம் அப்பாவுக்குப் போன் செய்யாமல் இருந்தாள். பிறகு ஒருநாள் பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வளைவுக்கு வந்தாள். அவரை அவர்களுக்கு அறிமுகப்படுத்தி, "இவரு எங்க அப்பா. அன்னிக்கு இங்க கெடந்தது எங்க கல்யாணக் குப்பைதான்" என்றாள். பிள்ளைகள் எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்தினார்கள். அன்றைக்கும் அங்கே யாரோ போட்ட புது மூட்டை ஒன்று கிடந்தது.

இப்போது கொர்னேலியஸுக்கு இன்னொரு பழக்கம் வந்திருக்கிறது. கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்களை உட்காரச் சொல்வார். பெண் யார், மாப்பிள்ளை யார் என்று கேட்கமாட்டார். "மிச்சத்தை எங்கீங்க போடுவீங்க?" என்று கேட்பார். வந்தவர்கள் சிரித்து மழுப்புவார்கள். அவர் விடமாட்டார். மண்டபத்துக்காரன் பார்த்துக்கொள்வான் என்றால், மண்டபத்துக்காரன் எங்கே போடுவான் என்பார். சிலர் நிஜமாகவே யோசித்துக் குழி வெட்ட ஏற்பாடு செய்தார்கள். பெரும்பாலானவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்துபோனார்கள். நல்ல காரியம் பேசுகிற இடத்தில் குடலையும் எச்சிலையும் பேசுகிறாரே என்று செலஸ்டினிடம் குறைப்பட்டார்கள்.

இந்த வருஷம் பத்திரிகை வைக்கிறவர்கள் அவர் பள்ளத்துக்கு இறங்கியிருக்கும் நேரம் பார்த்து வந்து, செலஸ்டினிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அவள் அதைச் சாமி படத்துக்கு அருகே வைத்துவிட்டு விருந்துக்குத் தனியாகப் போய்வருகிறாள். எங்கே போனாய் என்று அவர் கேட்டால் மட்டும் சொல்வாள். கை கழுவிவிட்டுத்தான் வந்தேன் என்றும் சொல்வாள். அவர் அவள் சேலையில் ஒட்டியிருக்கும் பிரியாணி வாசனைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு, கொக்கியைக் கழுவப் போவார்.